கட்டாத பாலத்தில் நடந்தவர்கள்

ஆற்றுக்கு இக்கரையில் கல்லாந்துறை என்றொரு ஊர் இருந்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை, பஸ் எல்லாம் அக்கரையில். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பரிசல். அதற்குத் துடுப்புப் போடுகிறவள் மாதம்மாள்.

அந்தப் பரிசல் பேசும். மாதம்மாளிடம் மட்டும்தான் பேசும், அதுவும் ரொம்பப் பேசாது. ஆள் ஏறி உட்கார்ந்ததும் இத்தனை பேர், இவ்வளவு கனம் என்று சொல்லும், அவ்வளவுதான். கனம் சரியாக இருந்தால்தான் பரிசல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போகும். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிடும்.

ஊர்க்காரர்கள் பாலம் கேட்டு மனுக் கொடுத்தார்கள். மனு போய்ச் சேர்ந்த மேசையில் ஒரு பேனா இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதற்கும் ஆயிரம் கஷ்டம். மாதக் கடைசிக்குள் ஒரு மனுகூட நிலுவையில் இருக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பாலம் கட்ட மூன்று வருஷம் ஆகும். எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? 'பாலம் மக்கள் பயன்பாட்டில் உள்ளது. மனு முடிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் பேனா மூடியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டது.

அந்த வரியில்தான் பாலம் பிறந்தது.

அடுத்த வாரம் அக்கரையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதன் தலைமேல் இருந்த ஒலிபெருக்கி இக்கரையைப் பார்த்துக் கத்தியது. கல்லாந்துறைப் பாலம் திறக்கப்பட்டுவிட்டதாம். அதைக் கொண்டாட நாளைக்கு அக்கரையில் நலத்திட்ட முகாமாம். எல்லோரும் வந்து பயன்பெற வேண்டுமாம். பாலம் இருந்தால் நீயே இந்தப் பக்கம் வந்து சொல்லியிருக்கலாமே என்று அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ஊரே முகாமுக்குக் கிளம்பியது. எதில் போனார்கள்? பரிசலில்தான்! பாலம் திறந்ததைக் கொண்டாடப் போகிறவர்களை மாதம்மாள் நடைக்குப் பன்னிரண்டு பேராக அக்கரையில் கொண்டுபோய் விட்டாள். கை ஓய்ந்துபோனதால் அவள் முகாம் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

முகாமில் மேசைமேல் பயனாளிப் பட்டியல் விரிந்து கிடந்தது. அதற்கு நல்ல இனிப்பான குரல். வருகிறவர்களை எல்லாம் உட்காரச் சொல்லி, சாப்பிட்டாச்சா என்று விசாரித்து, பாலத்தில் நடந்து வந்ததற்கு ஒரே ஒரு கையெழுத்து மட்டும் கேட்டது. நம் ஜனங்களைப் பற்றித்தான் தெரியுமே. முகாம் என்றால் காட்டுகிற இடத்தில் கையெழுத்து, கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடை. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்களே பார்ப்பதில்லை. மாதம்மாளின் மகள் பெருமா எட்டு மாதக் கர்ப்பிணி. தாய்சேய் பை கிடைக்கிறதென்று அவளும் ரேகை வைத்தாள்.

சாயங்காலம் திரும்புகிற நடையில் பன்னிரண்டு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். பரிசல் கணக்குச் சொல்லவில்லை.

"என்ன மாதம்மா, ஆளு யாரும் ஏறலையா?" என்று கேட்டது.

மாதம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் எதிரே பன்னிரண்டு பேர் பையும் கையுமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பரிசலோ காலியாக விட்டதுபோல் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. தண்ணீரும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. கையை விட்டு அளைந்தவர்களின் விரல் நனையவில்லை. அவள் தன் ஒருத்தியின் கனத்தை வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி, ஒருவழியாகக் கரை சேர்த்தாள்.

ஊர்க்காரர்களுக்கு இதில் சந்தோஷம்தான். உடம்பு லேசாகிவிட்டது, முட்டிவலி போய்விட்டது, எல்லாம் அந்தப் பையில் இருந்த சத்துமாவு செய்த வேலை என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் உச்சிவெயிலில் ஆற்றின்மேல் ஒரு பாலத்தின் நிழல் விழுந்து கிடப்பதை மாதம்மாள் பார்த்தாள். அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். அந்த வெறும் வானத்தில் தப் தப்பென்று நிறையக் கால்கள் நடக்கிற சத்தம்.

"யாரது மேல நடக்கறது?" என்று கேட்டாள்.

"உங்க ஊரு ஆளுங்கதான்," என்றது பாலம், மேலே எங்கிருந்தோ. "எல்லாரும் எம்மேல ஏறி அக்கரைக்குப் போயிட்டாங்க. கையெழுத்து இருக்குது. இக்கரையில மிச்சமா நிக்கறதை நான் என்னன்னு சொல்ல?"

அதற்குப் பிறகு அவள் மகளை ஆற்றுப் பக்கமே விடவில்லை. ஆனால் வலி வந்தபோது ஆற்றில் புதுவெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை குறுக்கே கிடப்பதாக மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. துணைக்கு நான் வருகிறேன், நீ வருகிறேன் என்று பத்துப் பேர் ஓடிவந்தார்கள். வந்து என்ன பிரயோஜனம்? பத்துப் பேருக்கும் ஒரு பிடி கனம் கிடையாது. இந்த வெள்ளத்தில் வெறும் பரிசல் பம்பரமாகச் சுற்றும். வேறு வழியில்லாமல் மாதம்மாள் மகளைத் தூக்கிப் பரிசலில் வைத்தாள்.

பரிசல் கனம் பார்த்தது.

"ஒண்ணு இருக்குது," என்றது பிறகு. "சின்னதுதான். ஆனா அழுத்தமா உக்காந்திருக்குது. தைரியமாப் போடு துடுப்பை."

நட்டாற்றில் பாலம் குனிந்து பேசியது. அதுவும் இனிப்பான குரலில்தான் பேசியது. பெருமா ஏற்கெனவே நடந்து முடித்த வழிதானே இது, எதற்கு இந்த வேதனை, எழுந்து மேலே வந்தால் வலியே இருக்காது என்றது. பெருமாவின் கால்கள் பரிசலை விட்டு மெல்ல எழும்பின.

"அம்மா, நான் போயிடறேனே. தாங்க முடியலம்மா."

மாதம்மாள் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "போனா உள்ள இருக்கறது ஆத்துல விழுந்துடும்டி. அது இன்னும் எதுலயும் ரேகை வைக்கலை."

பெருமா வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். மாதம்மாள் மறுபடி துடுப்பை எடுத்தாள். பரிசல் அந்தச் சின்னக் கனத்தை நம்பி, வெள்ளத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கரையைத் தொட்டது.

பொழுது சாய்வதற்குள் வயிற்றைக் கீறிப் பெண் குழந்தையை எடுத்தார்கள். தராசில் போட்டதும் முள் துள்ளி எழுந்து மூன்று கிலோவில் நின்றது. மாதம்மாள் வாய்விட்டு அழுதாள்.

மூன்றாம் நாள் பெருமாவை எடை மிஷினில் ஏற்றி நிறுத்தினார்கள். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. நர்ஸம்மா அதைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை. முகாம் பட்டியலைப் புரட்டி, அதில் பெருமாவின் எடையாக எழுதியிருந்த ஐம்பத்திரண்டு கிலோவை எடுத்துக் குறித்துக்கொண்டாள். கல்லாந்துறை ஆட்களுக்கு எல்லாம் மிஷின் இப்படித்தான் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். 'வந்த வழி: பாலம்' என்று அதில் முன்கூட்டியே அச்சடித்திருந்தது. மை தடவிய பஞ்சோடு தொட்டிலை நெருங்கினாள்.

"பாப்பா காலைக் காட்டுங்க பாட்டிம்மா. ஒரே ஒரு ரேகைதான்."

மாதம்மாள் அந்தப் பிஞ்சுக் கால்கள் இரண்டையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"இவ இன்னும் வந்து சேரலைன்னு எழுதிக்கம்மா."