நாற்பத்தொன்றாவது கடிதம்

மலேசியாவின் ஈப்போவில் ரேணுகா டீச்சரிடம் லினக்ஸ் கணினி கற்க வந்தவர்களில் அரிகிருஷ்ணன்தான் மூத்தவர். டீச்சரைவிடப் பதினைந்து வயது கூட. வேலை பார்த்த ஆலையை மூடியபின் வந்து சேர்ந்த மனுஷன். ஆனால் என்ன சுறுசுறுப்பு! ஒரு வேலை சொன்னால் இன்னொன்றையும் இழுத்துப் போட்டுச் செய்வார். அன்று அதுதான் வினையாகிப் போனது.

பக்கத்துத் தெருச் சீனப் பெண்மணி லிம் ஆன்ட்டி ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தார். கப்பலில் வேலை பார்த்த கணவர் அவருக்குச் சீனத்தில் எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள் அதில் இருந்தன. கணவர் இப்போது இல்லை. பழைய கணினியும் இல்லை. புதுக் கணினியில் படிக்கிற மாதிரி செய்து கொடுத்தால் போதும் என்றார்.

மத்தியானம் டீச்சர் வகுப்புக்கு வந்தபோது அரிகிருஷ்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு அண்ணே?"

"திறந்தா ஒரே கேள்விக்குறி டீச்சர். கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். இப்போதைய எழுத்துமுறையான யுடிஎஃப்-8ல சேமிச்சா சரியாயிடும்னு ஒவ்வொண்ணா சேமிச்சேன். இன்னும் கேள்விக்குறிதான்."

"சேமிச்சா பழைய எழுத்து அழிஞ்சிடும்னு எச்சரிக்கை வந்திருக்குமே?"

"வந்துச்சு. ஆம்னு தட்டிட்டேன்."

"நகல் எடுத்தீங்களா?"

"இல்ல. அதே ஃபைல் மேலயே சேமிச்சிட்டேன்."

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எத்தனை?"

"நாப்பது. கடைசி ஒண்ணைத் தொடறதுக்குள்ள பசி வந்துடுச்சு, சாப்பிடப் போயிட்டேன்."

டீச்சர் அந்த ஒன்றை நகலெடுத்து, நகலைத் திறந்தார். திரை முழுக்கக் கேள்விக்குறி.

"பாருங்க, இதுவும் கெட்டுத்தான் கிடக்கு," என்றார் அரிகிருஷ்ணன்.

டீச்சர் ஒரு எழுத்தையும் தொடவில்லை. இது பழைய சீனக் குறியாக்கம், ஜிபிகேயாகப் படி என்று மட்டும் கணினிக்குச் சொன்னார். வரிவரியாகச் சீன எழுத்து வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து லிம் ஆன்ட்டி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார். பாதியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"மழையில் நனைந்த சப்பாத்துக் காலணியைக் கப்பல் அடுப்பில் காயவைத்து எரித்துவிட்டாராம்," என்றார் மலாயில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மிச்ச நாற்பதையும் வீட்டில் போய் நிதானமாகப் படிக்கிறேன்."

பென்டிரைவுக்காகக் கையை நீட்டினார். அரிகிருஷ்ணன் அதைக் கழற்றிக் கொடுக்கவில்லை. டீச்சர் பக்கம் திரும்பித் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"அந்த நாப்பதும் இதே மாதிரி நல்லாத்தான் இருந்துச்சா டீச்சர்?"

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. நீங்க சரிபண்ற வரைக்கும்."