உள்ளேன் ஐயா

‘உடம்பு வந்துட்டா வந்ததா ஆயிடுமா?’ என்று பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பெரியவர் கேட்டார். ‘ஆள் வந்தா போதுமா?’ என்று கேட்டாரோ என்னவோ, சரியாக நினைவில்லை. கைதட்டினோம். அடுத்த நடனம் தொடங்கிவிட்டது.

கைதட்டியவர்களில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் எழிலரசுவும் ஒருவர்.

அவர் தன் வகுப்பில் ஒரு காரியம் ஆரம்பித்திருந்தார். காலையில் வருகை எடுத்ததும், பாடத்துக்கு முன் கொஞ்ச நேரம் மௌனம். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் மூடினார்கள். ஒருவன் குறட்டை விட்டான். இன்னொருவன், "திண்டிவனம் எல்லாம் இறங்கு" என்றான். வகுப்பே சிரித்தது.

தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். "இந்த வாரம் பார்ப்பேன் சார். அடங்கலைன்னா அந்த நேரம் கணக்குக்குப் போயிடும்."

எழிலரசு விடுவதாக இல்லை. தனக்குத் தியானம் சொல்லித்தந்த குமாரதேவனிடம் போனார்.

"பிள்ளைங்க மனசு வகுப்புல இல்லீங்கய்யா. எப்படிக் கொண்டு வர்றது?"

"நாளைக்கு வந்து உட்கார்றேன்" என்றார் குமாரதேவன்.

வந்தார். கடைசி பெஞ்சில் பையன்களோடு ஒடுங்கி உட்கார்ந்தார்.

எழிலரசு வருகைப் பதிவேட்டைத் திறந்தார். மௌனத்துக்கு நேரம் வேண்டுமே என்று, குனிந்த தலை நிமிராமல் பெயர்களை ஓட்டினார்.

"கலைவாணி."

"உள்ளேன் ஐயா."

"கோமளா."

"உள்ளேன் ஐயா."

"செண்பகவல்லி."

ஒரு சின்ன இடைவெளி. பிறகு ஒரு கட்டைக் குரல், "உள்ளேன் ஐயா."

பேனா கோடு போட்டது. "தமிழ்மதி."

பதில் இல்லை. எழிலரசு நிமிர்ந்தார். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவர் கேட்டு வராத மௌனம்.

பிறகு உடைந்தது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். "சார், செண்பகத்துக்கு மீசை முளைச்சிருச்சு!"

கடைசி பெஞ்சிலிருந்து குரல் கொடுத்த குமாரதேவன் மட்டும் சிரிக்கவில்லை.

"செண்பகவல்லி எங்கே?" என்றார் எழிலரசு.

தமிழ்மதி எழுந்தாள். "பொங்கலுக்கு அப்புறம் வரலை சார். அவங்கம்மாவுக்குக் கை உடைஞ்சிருச்சு. பூச்சந்தையில அவதான் பூக்கட்டுறா."

"தினமும் வந்ததா போட்டிருக்கேனே?"

"நான்தான் சார் குரல் கொடுப்பேன். பேரை எடுத்துடுவாங்கன்னு... இன்னிக்குப் புது ஆள் இருக்காங்கன்னு பயந்துட்டேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மணி அடித்ததும் வராந்தாவில் எழிலரசு கேட்டார். "நான் வழி கேட்டேன். நீங்க பிள்ளைங்க முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சுட்டீங்களே ஐயா."

"குனிஞ்சுதானே இருந்தீங்க வாத்தியாரே."

எழிலரசு கையிலிருந்த பதிவேட்டைத் திறந்து பார்த்தார். பிறகு, "அவங்க மனசை..." என்று தொடங்கினார்.

"அவங்க சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க, உள்ளேன் உள்ளேன்னு" என்றார் குமாரதேவன். "கேட்கத்தான் ஆள் இல்லை."

மௌனத்துக்கென்று வாங்கிய நேரத்தில் இனி நிமிர்ந்து உட்கார்ந்து வருகை மட்டும் எடுப்பது என்று எழிலரசு முடிவு செய்தார். அன்று மாலை பூச்சந்தைக்குப் போனார்.