நரி கொடுத்த அரக்கு முடிச்சு

ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டு. திட்டு முழுக்கக் காடு. ஐப்பசி பிறந்தால் வெள்ளம் வந்து காட்டை முழுங்கிவிடும். அதனால் மழைக்கு முன்பே விலங்குகள் எல்லாம் சேர்ந்து நாணலில் ஒரு தெப்பம் கட்டும்.

தெப்பம் கட்டுவதில் முயலை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு அப்போதுதான் குட்டிகள் பிறந்திருந்தன. இன்னும் கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. தெப்பம் முடியாவிட்டால் குட்டிகளை வெள்ளம் கொண்டுபோய்விடும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. முடிச்சுகளையெல்லாம் தெப்பத்தின் மேலே, எல்லார் கண்ணிலும் படும்படிதான் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவிழ்க்கலாம், மாற்றிக் கட்டலாம், அதேபோல் இன்னொன்று செய்து அக்கரைக்காரர்களுக்கும் கொடுக்கலாம். இதைக் கொண்டுவந்தவர் ஆமையார். அவருக்கு நீந்தத் தெரியும், தெப்பமே தேவையில்லை. ஆனாலும் தெப்பத்தைப் பற்றி அவரைப் போல் பேச யாரும் கிடையாது!

“மொட்டையா ‘தெப்பம்’னு சொல்லாதீங்க! ‘எல்லோர்க்கும் உரிய விடுதலைத் தெப்பம்’னு முழுசாச் சொல்லுங்க!” என்றார் ஆமையார். “நாணல் கொண்டுவர்ற ஒவ்வொருத்தரும் சொல்லணும்!”

மைனா அலகில் நாணலோடு வந்தது. பெயரைச் சொல்ல வாயைத் திறந்தது. நாணல் ஆற்றில் விழுந்தது. கீரி வந்தது, அதன் நாணலும் அதே கதிதான். அணில் மட்டும் புத்திசாலி. நாணலைக் கீழே வைத்துவிட்டுப் பெயரை முழுசாகச் சொன்னது. பாராட்டு கிடைத்த குஷியில் நாணலை அங்கேயே மறந்துவிட்டுப் போனது.

முயலுக்குப் பொறுக்கவில்லை. “ஆமையண்ணே, பேரா மிதக்கப் போகுது? முடிச்சு வெளியில இருந்தா நாலு பேர் பார்த்துத் தப்பைத் திருத்துவாங்க, வேலை நல்லா வரும். விஷயம் அவ்வளவுதான்!”

“அவ்வளவுதானா? அது நம்ம உரிமை, தங்கச்சி! நல்லா வருதோ இல்லையோ, உரிமை உரிமைதான்!”

“நல்லா வராத தெப்பத்துல உங்க உரிமை முழுகித்தான் போகும்!”

இப்படியே பேச்சு வளர்ந்தது. வானம் கறுத்தது. தெப்பத்தை மருத மரத்தோடு பிணைக்கும் பெரிய முடிச்சு மட்டும் பாக்கி. அதைப் போட அரை நாள் ஆகும். முயலுக்கோ கை ஓய்ந்துவிட்டது.

அப்போதுதான் நரி வந்தது. அதன் கையில் பளபளவென்று அரக்கு பூசிய ஒரு முடிச்சு!

“முயலக்கா, சும்மாவே தர்றேன்! நானே அடியில மாட்டியும் விடறேன். ஒண்ணே ஒண்ணு, அரக்கை மட்டும் உடைக்கக் கூடாது.”

முயல் இழுத்துப் பார்த்தாள். இம்மியும் நகரவில்லை.

“உள்ளே என்ன இருக்குன்னு தெரியாததை நம்பாதே!” என்று கத்தினார் ஆமையார்.

“வேலை செய்யுதே அண்ணே, அது போதும்!” என்றாள் முயல்.

ஆமையார் கோபத்தில் ஓட்டுக்குள் போய்விட்டார்.

வெள்ளம் வந்தது. எல்லோரும் தெப்பத்தில் ஏறிக்கொண்டார்கள். நீர் ஏற ஏறக் கயிற்றைத் தளர்த்தி விட வேண்டும். அரக்கு முடிச்சு அசையவே இல்லை. கயிறு தெப்பத்தைக் கீழே இழுத்தது. ஒரு பக்கம் முழுகியது. குட்டிகள் சறுக்கின. கயிற்றைக் கடித்து அறுத்தாலோ வெள்ளம் எல்லோரையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

மேட்டில் நின்ற நரி சிரித்தது. “தளர்த்தணுமா அக்கா? ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குட்டி!”

முயலுக்கு உயிரே போய்விட்டது. “ஆமையண்ணே! காப்பாத்துங்க!”

ஓட்டிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. “முதல்ல இது என்ன தெப்பம்னு...”

“எல்லோர்க்கும் உரிய விடுதலைத் தெப்பம்! போதுமா? வாங்கண்ணே!”

ஆமையார் குதித்தார். தெப்பத்துக்கு அடியில் போய் அரக்கை ஒரே கடியில் உடைத்தார். பிறகு மேலே வந்து திருதிருவென்று விழித்தார். பாவம், முடிச்சைப் பார்க்கும் உரிமைக்காகக் காலமெல்லாம் பேசியவர், ஒரு முடிச்சைக்கூடப் போட்டதில்லை!

“ஒண்ணும் புரியலையே, தங்கச்சி!”

“என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க!”

“இடப்பக்கம் ரெண்டு சுத்து. நடுவுல ஒரு மடிப்பு. அதுக்குள்ள ஒரு பல் தடம்.”

முயல் துள்ளி எழுந்தாள். “அடப்பாவி! அது என் முடிச்சு! மடிப்பைக் கடிச்சு இறுக்கறது நான் மட்டும்தான்! போன வருஷம் நான் மேலேயே போட்டு வெச்சதைப் பார்த்து அப்படியே கடிச்சுக் கட்டி, அரக்கைப் பூசி என்கிட்டயே கொடுத்திருக்கான்! அண்ணே, மடிப்பைக் கடிச்சு வலப்பக்கம் இழுங்க!”

ஆமையார் மறுபடி அடியில் போய் இழுத்தார். கயிறு சரசரவென்று தளர்ந்தது. தெப்பம் குதித்து எழுந்தது. முயல் குட்டிகளை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குள் நரி நின்ற மேடும் கரைந்துகொண்டிருந்தது. “முயலக்கா, இடம் இருக்கா?”

“வா. ஆனா வாயைக் கட்டிட்டுத்தான்.”

“நிபந்தனை போடறது நம்ம கொள்கைக்கு...” என்று ஆரம்பித்தார் ஆமையார். முயல் ஒரு பார்வை பார்த்தாள். “முடிச்சு வெளியே தெரிஞ்சா சரிதான்” என்று முடித்துக்கொண்டார்.

நரியின் மூக்குக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி, முயல் ஒரு முடிச்சுப் போட்டாள். எப்படிப் போடுவது என்று ஆமையார் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

வேலை நடந்தால் போதும் என்று உரிமையை விட்டுவிடுகிறவரும், உரிமையைப் பேசிக்கொண்டே வேலையைக் கற்காமல் இருப்பவரும் நரிக்குத்தான் உதவுகிறார்கள்.