பொங்கியண்ணன் கார் பாடிய கதை

எதிர்வீட்டுப் பங்காளி அர்த்தநாரியின் காரில் பாட்டு அதிர்ந்தால், பொங்கியண்ணனுக்கு வயிறு பற்றியெரியும். அந்தப் பாட்டை அமுக்கவே தன் கார் டிக்கியில் பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்தார். மாற்ற மாற்ற ஃப்யூஸ் போனது.

“அவன் வயித்தெரிச்சல்தான்! இன்னைக்குப் பாடலேன்னா உனக்கு வேலையில்லே” என்று டிரைவர் தாசப்பன் மேல் பாய்ந்தார்.

தாசப்பன் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தான். “கோளாறைக் கழட்டிக் கையில எடுத்தா, அதை என்னங்கய்யா பண்றது?”

“எவன் வெச்ச வினையோ, அவன் கழுத்துலயே மாட்டு!” தெருவே கேட்கக் கத்தினார்.

கண்ணுபடாமலிருக்க ஆம்ப்ளிஃபயர் மேல் பொங்கியண்ணனே கட்டிய எலுமிச்சை மிளகாயின் கம்பி, கரண்ட் முனையையும் கார் தகரத்தையும் சேர்த்துத் தொட்டு ஃப்யூஸைப் போக்கிக்கொண்டிருந்தது. தாசப்பன் அதை அவிழ்த்துப் புது ஃப்யூஸ் போட்டான். பாட்டு தெருவை உலுக்கியது; அர்த்தநாரியே வாசலுக்கு வந்துவிட்டார்.

தாசப்பன் எலுமிச்சை மிளகாயை மாலைபோல் ஏந்திப் பொங்கியண்ணன் முன் வந்தான்.

“கொஞ்சம் குனியுங்கய்யா.”