களஞ்சியத்தின் நடுப்பீலி

கேளுங்கள், கேளுங்கள். மேற்கு மலைக்கு அடிவாரத்திலே சாரலூர் என்று ஓர் ஊர் இருந்தது. எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். அரசர்கள் குடிமக்களின் பெயரைத் தெரிந்து வைத்திருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் மழை தொடங்கினால் நான்கு மாதம் விடாது. மலைப்பாதை அடைபட்டுப் போகும். வெளியூர் வண்டி ஒன்றும் வராது. அந்த நான்கு மாதமும் ஊர் முழுக்கச் சாப்பிடுவது அரண்மனைக் களஞ்சியத்து நெல்லைத்தான்.

மழை ஊர் என்பதால் அங்கே வீட்டுக்கு வீடு கூரை ஓரத்தில் ஒரு வாய்க்கால் இருக்கும். ஓட்டில் விழும் தண்ணீரை அது ஏந்திக்கொண்டு போய்த் தெருவில் கொட்டும். அதற்குப் பீலி என்று பெயர். பீலியில் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தெருவுக்குப் போகாது. வீட்டுக்குள்ளே வந்துவிடும். அதனால் மழைக்கு முன்னே பீலியைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

அந்த வேலையைச் செய்து பிழைத்தவன் திருமேனி. ஒரு மூங்கில் ஏணி, ஒரு கொட்டாங்கச்சி அகப்பை, நீளமான ஓர் இரும்புக் கொக்கி. அவ்வளவுதான் அவன் சொத்து.

திருமேனிக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் கூப்பிட்டாலும் கீழே நின்று கூலி சொல்ல மாட்டான். முதலில் ஏறிப் பார்ப்பான். அடுத்துக் கையை விட்டுப் பார்ப்பான். கடைசியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பான். பக்கத்தில் புளியமரம் இருந்தால் ஒரு கூலி, ஏனென்றால் அந்தப் பொடி இலை சேறாகவே மாறிவிடும். மாமரம் என்றால் அதைவிடக் குறைவு, அகலச் சருகை அள்ளிப் போட்டுவிடலாம். ஓடு பழையதாக இருந்தால் மெல்ல நடக்க வேண்டும், அதற்கு அரை நாள் கூட. இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு விலை சொல்வான். சொன்னால் சொன்னதுதான். கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான்.

ஆனால் அந்த வருடம் கோடைத் தொடக்கத்தில் அவன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். கால் எலும்பு பிசகி இரண்டு மாதம் படுத்த படுக்கை. அதற்குள் அவனுடைய வீடுகளையெல்லாம் கொப்பையன் என்ற இன்னொருவன் பிடித்துக்கொண்டான். திருமேனி எழுந்து நடமாடியபோது அவனைக் கூப்பிட ஆளில்லை.

அப்போதுதான் களஞ்சியப் பீலிகளைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று பறை அடித்தார்கள்.

களஞ்சியத்துக்கு இரண்டு பெரிய கூரை, மூன்று பீலி. இடது ஓரத்தில் ஒரு மரப்பீலி, வலது ஓரத்தில் ஒரு மரப்பீலி. இரண்டு கூரையும் சேரும் பள்ளத்தில் ஒரு கல்பீலி. ஓரத்துப் பீலிகள் தெருவிலிருந்தே தெரியும். நடுப்பீலி ஏறிப் பார்த்தால்தான் தெரியும். அதன் தண்ணீர் சுவருக்குள் பதித்த மண்குழாய் வழியாக இறங்கித் தெருப்பக்கம் விழும்.

களஞ்சிய அதிகாரி பூவணராயர் வாசலில் நின்றார். பருத்த உடம்பு, பொறுமை இல்லாத மனிதர். “சீக்கிரம் சொல்லுங்கள். யார் குறைவாகக் கேட்கிறீர்களோ அவருக்கு வேலை” என்றார்.

கொப்பையன், “நாற்பது பணம்” என்றான்.

ஏறிப் பார்க்கிறேன் என்று சொன்னால் அதற்குள் வேலை கைவிட்டுப் போய்விடுமே என்று திருமேனி பயந்தான். நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். இரண்டு ஓரத்திலும் அடைப்பு சுமாராகத்தான் தெரிந்தது. நடுவிலும் இதே மாதிரிதான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டான்.

“முப்பது பணம், ஐயா. நான்கு நாளில் முடித்துத் தருகிறேன்” என்றான்.

வேலை அவனுக்கு வந்தது.

முதல் நாள் இடது பீலியை முடித்தான். இரண்டாம் நாள் வலது பீலியை முடித்தான். மூன்றாம் நாள் நடுப்பீலிக்குப் போனான். மேலே கிடந்த சருகையும் பாசியையும் அள்ளினான். இரண்டு மைனாக் கூடுகள், அவற்றில் குஞ்சு இல்லை என்று பார்த்து எடுத்து வைத்தான். மதியத்துக்குள் கல் பளிச்சென்று ஆகிவிட்டது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான்.

தண்ணீர் நகரவில்லை.

குழாய் வாயில் கொக்கியை விட்டான். ஒரு முழம் போய் நின்றது. இழுத்தான், வரவில்லை. குனிந்து கையை விட்டுத் துழாவினான். விரலில் தட்டியது சருகும் இல்லை, மண்ணும் இல்லை. வேர். எப்போதோ ஒரு பறவை போட்ட அரசமர விதை சுவருக்குள் முளைத்து, குழாய் முழுக்கச் சடை சடையாக இறங்கியிருந்தது.

திருமேனி ஓட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இது ஒரு நாள் வேலை இல்லை. ஒரு வாரத்து வேலை. மழைக்கோ இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.

கஞ்சிக் கலயத்தோடு அவன் மனைவி செவந்தி வந்தாள். வழியில் கொப்பையனும் வந்து சேர்ந்தான். வேலையைக் கோட்டை விட்டாலும் வேடிக்கை பார்ப்பதை விடாதவன் அவன். திருமேனி இறங்கி வந்து நடந்ததைச் சொன்னான்.

“இதற்கா முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறாய்?” என்று சிரித்தான் கொப்பையன். “மேலே சுத்தமாகத்தானே இருக்கிறது? குழாய் வாயை நாலு கூழாங்கல் போட்டு மூடு. அதிகாரி அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஏணி ஏறப் போகிறாரா? கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பு. மழையில் ஒழுகினால் ஓடு வேய்ந்தவன் சரியில்லை என்று சொல்லிவிடு. ஓட்டுக்காரன் பாடு, ராயர் பாடு.”

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். திருமேனி கஞ்சியைக் குடிக்கவில்லை.

“செவந்தி, முன்பணம் வாங்கி அரிசி வாங்கிவிட்டோம். இப்போது போய் முடியவில்லை என்று சொன்னால், பேச்சு மாறுகிறவன் என்று பெயர் வரும். அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்?”

செவந்தி கூரையை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கும் பயம்தான். இரண்டு மாதம் அவள் ஒருத்தி நெல் குத்திக் கொண்டுவந்த கூலியில்தான் குடும்பம் ஓடியது.

“பேச்சு மாறினவன் என்று சொல்வார்கள். சொல்லட்டும். உள்ளே இருக்கிற நெல் நனைந்தால் ஐப்பசியில் நாமும்தானே பட்டினி கிடக்க வேண்டும்? ஓட்டுக்காரருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்” என்றாள்.

திருமேனி பூவணராயரிடம் போனான். சொன்னான். அவர் முகம் சிவந்தது.

“முப்பது என்று நீதானே சொன்னாய்? முப்பதுக்குள் முடி. நாளை மாலைக்குள் முடியாவிட்டால் உன்னைச் சாவடியில் கட்டி வைப்பேன்.”

“ஐயா, ஒரு முறை வந்து பாருங்கள்.”

“நான் ஏறிப் பார்ப்பதற்கு நீ எதற்கு?” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இனி ஒரே ஒரு வாசல்தான் மிச்சம். சாரலூரை அப்போது ஆண்டவள் மங்கைநாச்சி என்ற அரசி. காலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் அவள் முன் வந்து பேசலாம். அடுத்த நாள் விடிந்ததும் திருமேனி சபையில் போய் நின்றான்.

பூவணராயர் முந்திக்கொண்டார். “தாயே, இது பழைய தந்திரம். குறைந்த விலை சொல்லி வேலையைப் பிடிப்பது, பாதியில் நின்றுகொண்டு கூடக் கேட்பது. மழை வரும் நேரம், வேறு வழியில்லாமல் கொடுப்போம் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறான்.”

அரசி திருமேனியை நான்கு கேள்வி கேட்டாள்.

“முப்பது பணம் என்று சொன்னது யார்?”

“நான்தான், தாயே.”

“சொல்வதற்கு முன் ஏறிப் பார்த்தாயா?”

“இல்லை, தாயே. ஏறிப் பார்க்காமல் நான் விலை சொன்னதே கிடையாது. இந்த ஒரு முறை வேலை போய்விடுமே என்ற பயத்தில் சொல்லிவிட்டேன்.”

சபையில் இரண்டு பேர் சிரித்தார்கள். திருமேனிக்குக் காது சுட்டது.

“அப்படியானால் இப்போது கூடக் கேட்க உனக்கு என்ன நியாயம்?”

“கூடக் கேட்க வரவில்லை, தாயே. கூலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நடுப்பீலி அடைத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். என் வாய் செய்த தப்புக்கு ஊர் நெல் நனையக் கூடாது.”

“அடைத்திருக்கிறது என்று நான் எப்படி நம்புவது?”

திருமேனி யோசித்தான். “மூன்று குடம் தண்ணீர் கொடுங்கள். கீழே வைக்க மூன்று அண்டா கொடுங்கள். தண்ணீரே சொல்லட்டும்” என்றான்.

அரசிக்கு அந்தப் பேச்சு பிடித்தது. சபை முழுவதும் களஞ்சியத் தெருவுக்கு வந்தது. மூன்று பீலியின் தண்ணீர் விழும் இடத்திலும் மூன்று அண்டா வைத்தார்கள். அரண்மனைக் காவலன் ஒருவன் குடங்களோடு மேலே ஏறினான். திருமேனி கீழேயே நின்றான், தன் கை பட்டதென்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று.

இடது பீலியில் ஒரு குடம் ஊற்றினார்கள். சலசலவென்று வந்து அண்டாவில் விழுந்தது.

வலது பீலியில் ஒரு குடம் ஊற்றினார்கள். சலசலவென்று வந்து அண்டாவில் விழுந்தது.

நடுப்பீலியில் ஒரு குடம் ஊற்றினார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

“மேலே வழியிலே எங்கேயாவது சிந்தியிருக்கும்” என்றார் பூவணராயர். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

அரசி புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். “ஏணியைப் பிடியுங்கள்” என்றாள். தடுக்க ஓடிவந்தவர்களைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டு, படி படியாக ஏறினாள். நடுப்பீலியில் குளம் மாதிரி நின்ற தண்ணீரைப் பார்த்தாள். முழங்கை வரை குழாய் வாயில் கையை விட்டாள். ஒரு கொத்து வேரைப் பிய்த்து எடுத்துக் கீழே போட்டாள். அது பூவணராயரின் காலடியில் விழுந்தது.

இறங்கி வந்து கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “சரி, திருமேனி. இப்போது சொல். இந்த வேலைக்கு எவ்வளவு வேண்டும்?”

எவ்வளவு கேட்டாலும் கிடைக்கும் நேரம் அது. மழை தலைக்கு மேல் நிற்கிறது. ஊரே வேரைப் பார்த்துவிட்டது. நூறு என்றாலும் கொடுப்பார்கள். திருமேனிக்கும் அது தெரியும்.

அவன் கைகூப்பினான். “தாயே, சுவருக்குள்ளே வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஒரு கல்லைப் பெயர்த்தார்கள். அவன் குனிந்து பார்த்தான், கையை விட்டுப் பார்த்தான், கோலை விட்டு அளந்து பார்த்தான். பிறகு சொன்னான்.

“முன்னே சொன்ன முப்பது முப்பதாகவே இருக்கட்டும். பீலி சுத்தம் செய்ய நான் சொன்ன கூலி அது. வேர் எடுப்பதற்கு எட்டு நாள், இன்னும் முப்பது பணம். குழாய் இரண்டு இடத்தில் விரிந்திருக்கிறது. அதை மாற்றுவது கொத்தனார் வேலை. அது எனக்குத் தெரியாது. அவரையே வந்து பார்த்து விலை சொல்லச் சொல்லுங்கள்.”

“அப்படியே ஆகட்டும்” என்றாள் அரசி.

அன்று தொடங்கி எட்டு நாள் திருமேனி அந்தச் சுவரோடு போராடினான். மேலிருந்து அறுத்தான், கீழிருந்து இழுத்தான், நடுவில் கல்லைப் பெயர்த்துச் சீவி எடுத்தான். நான்காம் நாள் கொத்தனார் வந்து அவனோடு சேர்ந்துகொண்டார். எட்டாம் நாள் மதியம், கடைசி வேர் கப்பல் கயிறு போல ஒரே நீளமாக வெளியே வந்து விழுந்தது. கொத்தனார் புதுக்குழாயைப் பொருத்திச் சுண்ணாம்பு பூசினார். பூச்சு காய இரண்டு நாள் வெயில் வேண்டும். இரண்டு நாள் வெயில் அடித்தது.

மூன்றாம் நாள் காலை மலையில் மேகம் இறங்கியது. முதல் மழை. சாரல் இல்லை, கொட்டித் தீர்க்கிற மழை.

திருமேனி ஓலைக்குடையைக் கூடத் தேடாமல் களஞ்சியத் தெருவுக்கு ஓடினான். செவந்தியும் பின்னாலேயே ஓடினாள். இடது பீலியில் தண்ணீர் கொட்டியது. வலது பீலியில் தண்ணீர் கொட்டியது. நடுப்பீலியில் ஒன்றும் வரவில்லை. செவந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுவருக்குள் களக்களக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் சுண்ணாம்புக் குழம்பு வெள்ளையாக வந்தது. அதன் பின்னால், இரண்டு கூரைத் தண்ணீரும் ஒன்றாகத் திரண்டு, குதிரை பாய்வது போலக் குதித்துக்கொண்டு தெருவில் விழுந்தது.

திருமேனி மழையிலேயே சிரித்தான். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. செவந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையைத் துடைத்தாளா, கண்ணீரைத் துடைத்தாளா, அவளுக்கே தெரியாது.

களஞ்சியக் கதவு திறந்தது. பூவணராயர் வெளியே வந்தார். உள்ளே ஒவ்வொரு நெற்குதிராகப் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறார் போலும், கையெல்லாம் உமி. திருமேனியை வாசல் கூரைக்கடியில் இழுத்து, அவன் ஈரக்கையைத் தன் மேல்துண்டால் துடைத்துவிட்டு, அதில் ஒரு பிடி நெல்லை வைத்தார். கலகலவென்று உலர்ந்த நெல்.

“காய்ந்திருக்கிறது, அப்பா” என்றார்.

அந்த நான்கு மாதமும் சாரலூரில் ஒரு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

ஆகையால், கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பார்க்காமல் விலை சொல்லிவிட்டால், அந்தத் தவறை வேலையைக் குறைத்து மறைக்காமல், உண்மையைச் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும்.