நாற்காலி நின்ற பிறகு

"நின்னுடுச்சு," என்றார் ஏர் மார்ஷல் தணிகாசலம்.

"இல்ல சார், சுத்துது," என்றாள் அஞ்சுகம்.

அவர் கண்கள் கறுப்புத் துணியால் கட்டப்பட்டிருந்தன. விமானியாகச் சேரும் எவரும் முதல் வருடமே இந்தச் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். மேகத்துக்குள் உடம்பை நம்பக் கூடாது என்பதற்கான பாடம் அது. அவருக்கும் தெரியும். ஆனாலும் நாற்காலி நிற்கிறது என்று உடம்பு சத்தியம் செய்தது.

"துணியை விலக்கிப் பாருங்க."

விலக்கினார். ஜன்னல் போயிற்று. கதவு போயிற்று. மறுபடியும் ஜன்னல். அவசரமாகத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"முதல் தடவை வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் வாந்தி எடுத்தீங்க."

"எடுக்கலை."

"வாளி கொண்டாந்தது நான். வேலைக்குச் சேர்ந்து நாலாம் நாள்."

அஞ்சுகம் டாக்டர் இல்லை. அன்றிலிருந்து இந்த ஒரு நாற்காலியைக் கையால் தள்ளிச் சுற்றுகிறவள், அவ்வளவுதான். ஆனால் டாக்டர்களிடம் வாயைத் திறக்கப் பயந்த விமானிகள் அவளிடம்தான் வந்தார்கள். அவரும் இன்று அடையாளம் தெரியாமலிருக்கக் கொடி கட்டாத காரில் வந்திருந்தார்.

"மூணு வாரமா தலை சுத்துது அஞ்சுகம். படுத்தா கட்டில் சாயுது. பேரை மாத்திச் சொல்லி ரெண்டு டாக்டர்கிட்ட காட்டிட்டேன். காதுல ஒண்ணுமில்ல, மூளையில ஒண்ணுமில்லங்கறாங்க."

"நம்ம விமானப்படை ஆஸ்பத்திரிக்குப் போறதுதானே."

"போனா எழுதிடுவாங்க. அடுத்த வாரம் தலைமைத் தளபதி யாருன்னு முடிவாகுது. தலை சுத்துறவனுக்கா குடுப்பாங்க?"

"நான் எதையும் எழுதறதில்ல சார்."

"தெரியும். எனக்கு என்ன வியாதின்னு மட்டும் சொல்லுங்க."

"மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலை."

அவள் கை ஒரே சீராக நாற்காலியின் முதுகைத் தொட்டுத் தொட்டுத் தள்ளியது. அது மட்டும் அவருக்குக் கேட்டது.

"ஒரு ஃபைல் வந்துச்சு," என்றார். "ஜெரால்டுன்னு ஒரு ஃப்ளைட் லெப்டினன்ட். நடுவானத்துல எஞ்சின் நின்னு விழுந்து இறந்துட்டார். விமானியின் தவறுன்னு அறிக்கை எழுதியிருக்காங்க. நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. இன்னிக்கு நாலு மணிக்குள்ள போடணும்."

"போட வேண்டியதுதானே."

"அன்னிக்கே பேனாவைத் திறந்தேன். மூடி வச்சுட்டேன்."

"தப்பு அவரோடதா?"

"எஞ்சினுக்கு இத்தனை மணி நேரம்னு ஆயுசு உண்டு. முடிஞ்சா கழட்டணும். பதிலுக்கு வேற எஞ்சின் சீக்கிரம் வராது. விமானம் தரையில நின்னுடும். நிக்கக் கூடாது. அதனால இன்னும் கொஞ்சம் ஓட்டலாமான்னு மேல எழுதிக் கேப்பாங்க."

"யாரை?"

"என்னை."

அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"முதல் தடவை பத்து மணி நேரம் குடுத்தேன். அப்ப விங் கமாண்டர். அந்த விமானம் எறங்குற வரைக்கும் ஓடுபாதை ஓரத்துலயே நின்னேன். விழலை. அடுத்தது இருபத்தஞ்சு. அப்புறம் அம்பது. அதுக்கெல்லாம் ஓடுபாதைக்குப் போகலை. தணிகாசலம் இருக்கிற இடத்துல விமானம் தரையில நிக்காதுன்னு பேர் வந்துச்சு. அந்தப் பேர்லதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"ஜெரால்டு சாருக்கு?"

"இருநூறு. டீ குடிச்சுக்கிட்டே எழுதினேன்."

அஞ்சுகம் நாற்காலியைப் பிடித்து நிறுத்தினாள்.

அவர் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பற்றினார்.

"எதுக்கு எதிர்ப்பக்கம் சுத்துறீங்க?"

"நான் சுத்தலை சார்."

சுற்றிய நாற்காலி நின்றதும் எதிர்ப்பக்கம் சுற்றுவது போலிருக்கும். இதுவும் பாடத்தில் உள்ளதுதான். தெரிந்தும் கால்கள் தரையைத் தேடின.

"இதேதான். மூணு வாரமா இதேதான். நிறுத்துங்க அஞ்சுகம்."

"இப்பத்தான் சார் நின்னிருக்கு."

அவர் துணியைப் பிடுங்கி எறிந்தார். ஜன்னல் இருந்த இடத்தில்தான் இருந்தது. இருந்தும் நழுவிக்கொண்டே இருந்தது. சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

"இது எப்பப் போகும்?"

"ரெண்டு வழி இருக்கு. மறுபடி பழைய பக்கமே சுத்திவிட்டுட்டா உடனே சரியாயிடும். கட்டில் சாயாது. நல்லாத் தூக்கம் வரும்."

அவள் கை நாற்காலியின் முதுகில் இருந்தது.

"இன்னொண்ணு?"

"இப்படியே உக்காந்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஆளைப் பொறுத்தது. நீங்க ரொம்ப நேரம் சுத்தியிருக்கீங்க."

கதவு தட்டப்பட்டது. அவருடைய உதவி அதிகாரி தலையை மட்டும் நீட்டினார்.

"சார், இப்பக் கிளம்பினாத்தான் நாலு மணிக்குப் போய்ச் சேர முடியும். கார்லயே கையெழுத்துப் போட்டுடலாம்."

"ஃபைலைக் குடுங்க."

உதவி அதிகாரி கொடுத்துவிட்டு வெளியே போனார்.

தணிகாசலம் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அவர் பெயரும் பதவியும் தட்டச்சாகியிருந்தன. மேலே ஒரு விரல் உயரத்துக்கு வெற்றிடம். எழுத்துகள் இடப்பக்கமாக ஊர்ந்தன. பேனாவை அதன் மேல் கொண்டுபோனார்.

அஞ்சுகம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். விசாரிக்கப்பட்டவர்கள் என்று ஒரு பட்டியல். மெக்கானிக்குகள் நான்கு பேர். ஓடுபாதைத் தீயணைப்பு வீரர். விமானம் விழுந்த கரும்புத் தோட்டத்துக்காரர். மொத்தம் பதினோரு பெயர்கள்.

பன்னிரண்டு என்று எண் போட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கினார். பதவியைச் சேர்க்கவில்லை.

அழுத்தி எழுதியதில் நாற்காலி லேசாகத் திரும்பியது. அஞ்சுகம் செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் அடித்தட்டில் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டாள்.