அண்ணாச்சி முகம் தெரிகிற வரைக்கும்

கோணங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். மூளை இருந்தது. புதுசு கலையக் கூடாதே என்று யாரும் அதை எடுத்துப் புழங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் பெயிண்ட் பட்டறை மேஸ்திரி கொண்டல்சாமிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. தன் பெயர் ஏதாவது ஒரு பலகையில், நாலு பேர் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே அவருக்கு மயிர் கூச்செறியும்.

அப்படிப்பட்டவரிடம்தான் வாழைக்காய் மண்டி தங்கப்பழம் அண்ணாச்சி தன் அப்பா காலத்துப் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். கிளிப்பச்சை நிறம். ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் பழைய வண்டிகளுக்கு ஒரு கண்காட்சி.

"மேஸ்திரி, இது கம்பெனியில அடிச்ச பெயிண்டு. அம்பது வருசமா மாத்தலை. அது இருந்தாத்தான் கண்காட்சியில உள்ளயே விடுவான். மேல இருக்க கீறலை மட்டும் பாலிஷ் போட்டு எடுத்துரும். நிழல்ல நின்னு தேய்ங்க. வட்டம் வட்டமாத் தேய்க்காம நேராத் தேய்ங்க. என் முகம் அதுல தெரியுற வரைக்கும் நிறுத்தப்படாது. நல்லா வந்துச்சுன்னா, உம்ம பேரைப் பலகையில எழுதி வண்டிக்கு முன்னால வைக்கேன்."

கொண்டல்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சொல் பிசகாமல் செய்வது என்று அங்கேயே முடிவு கட்டினார்.

மறுநாள் காலை அவரும், வேலையாட்கள் வன்னியப்பெருமாளும் சங்குமணியும் வேப்பமர நிழலில் போய் நின்றார்கள். வண்டி பத்தடி தள்ளி வெயிலில் நின்றது.

"வண்டியை இங்க தள்ளிருவோமா?" என்றான் வன்னியப்பெருமாள்.

"நம்மளைத்தாம்லே நிழல்ல நிக்கச் சொன்னாவ. வண்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே," என்றார் கொண்டல்சாமி.

ஆகவே நீளக் கம்புகளின் நுனியில் துணியைக் கட்டி, நிழலில் இருந்தபடியே எட்டித் தேய்த்தார்கள். கொதிக்கிற தகரத்தில் பாலிஷ் தோசைமாவாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டது. மத்தியானம் வெயில் சாய்ந்தபோது நிழல் தானாகவே வண்டிப் பக்கம் வந்தது. மேஸ்திரியின் பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பிறகு நேராகத் தேய்க்கிற வேலை. சங்குமணி முன்பக்கத்தில் ஆரம்பித்தான். கதவைத் தாண்டினான், பின்பக்கத்தைத் தாண்டினான். திரும்பு என்று அண்ணாச்சி சொல்லவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை. அதனால் பட்டறைச் சுவரைத் தேய்த்து, அதற்கு அப்பால் கட்டியிருந்த பேச்சியம்மாளின் எருமையையும் தேய்த்துக்கொண்டு போனான். சாயங்காலம் பேச்சியம்மாள் வந்து, யார் வீட்டு மாடோ பளபளவென்று நிற்கிறதே என்று தன் எருமையையே விரட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டி கண்ணாடியாக மின்னியது. கொண்டல்சாமி குனிந்து பார்த்தார். முகம் வாடிப்போனது.

"என்ன மேஸ்திரி?"

"என் முகம்லா தெரியுது."

வன்னியப்பெருமாள் பார்த்தான். "எனக்கு என் முகம் தெரியுது."

"நம்ம மூணு பேரும் இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னா அண்ணாச்சி எப்படி வருவாவ?" என்றான் சங்குமணி. நியாயமாகப் பட்டது. மூவரும் வண்டிக்கு அடியில் போய்க் கால் மணி நேரம் படுத்திருந்தார்கள். எழுந்து பார்த்தால் மறுபடியும் தங்கள் முகங்களே.

"நாம படுத்திருக்கும்போது வந்துட்டுப் போயிருப்பாவ," என்றான் வன்னியப்பெருமாள்.

கொண்டல்சாமி தாடையைச் சொறிந்தபடி வெகுநேரம் யோசித்தார். "இது அவுக அப்பா வாங்குன வண்டிடே. நம்ம மூஞ்சி இப்ப விழுந்தது, மேலாக்க கிடக்கு. அண்ணாச்சி மூஞ்சி பழசு. அடியிலதான் கிடக்கும்."

உடனே உப்புத்தாள் வந்தது. வெள்ளி இரவும் சனி பகலும் விடாமல் தேய்த்தார்கள். பச்சை போய், அடியில் பூசியிருந்த சிவப்பு தலைகாட்டியதும் சங்குமணி துள்ளினான்.

"அண்ணாச்சி செவத்த ஆளுல்லா! நெருங்கிட்டோம்!"

சிவப்பும் போய் வெறும் தகரம் பளிச்சென்று வந்தது. அதிலும் கொண்டல்சாமியே இருந்தார். நாளைக்குக் கண்காட்சி. பலகை கைநழுவிப் போகிறதே என்று மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது தங்கப்பழம் அண்ணாச்சி உள்ளே வந்தார். வண்டியைக் கண்டதும் ஓடிவந்து, முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"வந்துட்டாவ!" என்று கத்தினார் கொண்டல்சாமி. "ஏலே, முகம் தெரியுதுலே!"

"பெயிண்டு எங்கலே?" என்றார் அண்ணாச்சி.

வன்னியப்பெருமாள் ஓடிப்போய் ஒரு பையைக் கொண்டுவந்து பணிவாக நீட்டினான். "ஒரு பொட்டு வீணாக்கலை அண்ணாச்சி. பூராத்தையும் கூட்டி அள்ளி வச்சிருக்கோம்."

அண்ணாச்சி பையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். வாய் கோணி, கண் பிதுங்கி, மீசை துடிக்க அப்படியே குனிந்திருந்தார். தகரத்தில் அத்தனையும் மயிரிழை பிசகாமல் தெரிந்தது.

கொண்டல்சாமிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நாலு பேர் வந்து பார்க்கிற இடம், முன்னால் பலகையில் தன் பெயர் வேறு இருக்கப் போகிறது. சங்குமணியின் காதருகே குனிந்தார்.

"முகம் சரியா வந்துட்டுது. சிரிப்பைத்தான் காணோம். அது இன்னும் அடியில கிடக்கும் போல. அந்த உப்புத்தாளை எடு."